மேட்டில் இழுக்காமல் நின்றுபோகும் பழைய பிக்கப்: பம்பைக் கழற்றுவதற்கு முன்னால்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். வண்டி 2006 மாடல் பிக்கப். காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற டர்போ வைத்த பழைய டீசல் என்ஜின். டீசலை அழுத்தி நாசிலுக்கு அனுப்புவது ரோட்டரி பம்ப், நான் வெறுமனே பம்ப் என்று சொல்வது அதைத்தான். கம்ப்யூட்டர், சென்சார் என்று எதுவும் கிடையாது. களக்காட்டில் ஏத்தன் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு சேரன்மகாதேவி, அம்பை, கடையம், தென்காசி வழியாகப் புளியரை ஏறிக் கேரளாவுக்குப் போகிறீர்கள். வெறும் வண்டி நன்றாக ஓடுகிறது. லோடு ஏற்றினால் 30, 40 கிலோமீட்டர் கழித்து இழுவை குறைகிறது. ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தாலும் வேகம் ஏறுவதில்லை, ஒவ்வொரு கியராக இறக்கிக்கொண்டே போய்க் கடைசியில் அடங்கி நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் நிறுத்திவைத்து, டீசலைக் கையால் இழுத்துக் கொடுக்கிற கைப்பம்பை அடித்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. டீசல் ஃபில்டர் இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. மெக்கானிக் பம்பைக் கழற்றிக் கொடுக்கச் சொல்கிறார். கழற்றலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்குக் கழற்ற வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. நின்ற வண்டி கைப்பம்பை அடித்ததும் எழுந்து ஓடுகிறது என்றால், பம்புக்கு டீசல் வந்து சேரவில்லை, நீங்கள் கையால் கொண்டுபோய்க் கொடுத்ததும் அது வேலை செய்கிறது. உணவு போய்ச் சேராத ஆளை வயிற்று ஆபரேஷனுக்கு அனுப்புகிற மாதிரிதான் இந்த நிலையில் பம்பைக் கழற்றுவது. பம்ப் என்ஜின் பக்கத்தில் இருக்கிறது, டேங்க் பின்னால் இருக்கிறது. பெரும்பாலும் கோளாறு பின்னாலிருந்துதான் வருகிறது. அதனால் டேங்க் மூடியில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு பம்புக்கு வர வேண்டும்.

அதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். வண்டி எப்படி நிற்கிறது, நிற்கும்போது சைலன்சரில் புகை என்ன நிறம்? இதை நீங்கள் எழுதவில்லை. கூட ஒரு ஆளை வேறு வண்டியில் பின்னால் வரச் சொல்லிப் பார்க்கலாம். இழுவை குறையும்போது புகையே இல்லாமல் சுத்தமாக இருந்தால் என்ஜினுக்கு டீசல் போதவில்லை என்று அர்த்தம். கறுப்பாகக் கொட்டினால் டீசல் வருகிறது, காற்று போதவில்லை. அப்படியானால் ஏர் கிளீனர், டர்போ ஹோஸ் பக்கம் போக வேண்டும். பச்சை டீசல் வாசனையோடு வெள்ளையாக வந்தால் டீசல் எரியாமல் வெளியே போகிறது. டீசல் லைனில் ஏர் (காற்று) புகுந்தது, டீசலில் தண்ணீர், டீசல் பீச்சுகிற நேரம் (டைமிங்) தப்பியது, சிலிண்டரில் காற்றை அழுத்துகிற வலு (கம்ப்ரஷன்) குறைந்தது என்று காரணம் பல இருக்கும். வெள்ளையாகவே வந்து ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்பட வேண்டும். நீலமாக இருந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. இந்த ஒரு விஷயத்தைச் சரியாகப் பார்த்துவிட்டால் பாதிச் செலவு மிச்சம்.

நிற்கிற விதமும் முக்கியம். சாவியை ஆஃப் செய்தது போல, நன்றாக ஓடிக்கொண்டிருந்தது ஒரு நொடியில் செத்துவிட்டால் அது கரண்ட் சமாச்சாரம். ரோட்டரி பம்பின் தலையில் கரண்டில் திறக்கிற ஒரு வால்வு, சோலனாய்டு என்பார்கள், இருக்கும். அதற்கு 12 வோல்ட் வருகிறவரைக்கும்தான் டீசல் போகும். வயர் முனை பச்சை பூத்து லூசாக இருந்தாலோ, சாவி சுவிட்சில் தேய்மானம் இருந்தாலோ குழியில் வண்டி குதிக்கும்போது கரண்ட் விட்டுவிட்டு வந்து என்ஜின் நின்றுவிடும். உங்கள் வண்டி அப்படி நிற்கவில்லை, மெல்ல மெல்ல அடங்குகிறது. அதனால் சோலனாய்டை ஓரமாக வைக்கலாம், வயர் முனையை மட்டும் ஒரு தடவை சுத்தம் செய்து இறுக்கிவிடுங்கள்.

இப்போது டேங்க்குக்கு வருவோம்.

டீசல் உறிஞ்சப்பட உறிஞ்சப்பட அந்த இடத்துக்கு வெளிக்காற்று உள்ளே வர வேண்டும். அதற்கு மூடியிலோ டேங்க்கின் மேலேயோ ஒரு சின்னக் காற்றுவழி உண்டு. மண்ணும் கிரீஸும் சேர்ந்து அது அடைத்துக்கொண்டால் டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்ப் எவ்வளவு இழுத்தாலும் டீசல் வராது. கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தால் காற்று எப்படியோ கசிந்து உள்ளே போய்விடும், வண்டி மறுபடி ஓடும். அடுத்த தடவை இழுவை குறைந்ததும், முழுசாக நிற்பதற்கு முன் ஓரம் கட்டி டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டு, உடனே வண்டி இழுக்க ஆரம்பித்தால் கோளாறு அதுதான். காசு செலவில்லாத சோதனை, முதலில் இதைச் செய்யுங்கள். மூடியை எடுத்துவிட்டு ஓட்ட வேண்டாம். ஒரு சுற்று தளர்த்திவைத்து ஓட்டிப் பார்த்தால் போதும்.

சத்தம் எதுவும் இல்லை என்றால் அடுத்த கேள்வி, நிற்கும்போது டேங்க்கில் எவ்வளவு டீசல் இருந்தது? முழு டேங்க்கில் தொந்தரவே இல்லை, கால் டேங்க்குக்குக் கீழே போனால்தான் நிற்கிறது என்றால் டேங்க்குக்குள் நிற்கிற உறிஞ்சு குழாயில் ஓட்டை விழுந்திருக்கும். பழைய வண்டிகளில் அந்தக் குழாய் நடுவில் துருப்பிடித்து ஊசிமுனை ஓட்டை விழும். டீசல் மட்டம் ஓட்டைக்கு மேலே இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. மட்டம் கீழே இறங்கினதும், ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடிக்கிற கதைதான், காற்றுதான் வரும். மேட்டில் ஏறும்போது டீசல் பின்பக்கம் ஒதுங்குவதால் சில வண்டிகளில் அங்கே சீக்கிரம் காட்டிக்கொடுக்கும்.

முழு டேங்க்கிலும் நிற்கிறது என்றால் குழாயின் அடியில் இருக்கிற சல்லடையைப் பார்க்க வேண்டும். இதை நான் அனுபவித்தே தெரிந்துகொண்டேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2011-ல் என்னுடைய சொந்த வண்டி. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிப் புளியரை வழியாகத்தான் நானும் போவேன். உங்களுக்கு வந்த அதே தொந்தரவு. செங்கோட்டை தாண்டும்வரை ஓடும், மேடு ஆரம்பித்ததும் அடங்கிவிடும். டிரைவரும் கிளீனரும் மாறி மாறிக் கைப்பம்பை அடிப்பார்கள், ஒரு கிலோமீட்டர் போகும், மறுபடி நிற்கும். விடியற்காலைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய தக்காளி வெயில் ஏறின பிறகு போய்ச் சேர்ந்தது. ஒரு கடையில் பம்பைப் பிரித்து வேலை பார்த்தார்கள். இரண்டு நாள் ஓடியது, மூன்றாம் நாள் அதே இடத்தில் நின்றது. மறுபடி பம்பைக் கழற்றினார்கள், நாசிலையும் சேர்த்து மாற்றினார்கள். செலவுதான் ஏறியது. கடைசியில் ஆலங்குளம் பக்கத்திலிருந்து வந்த ஒரு வயதான லாரி டிரைவர் டேங்க்கை இறக்கச் சொன்னார்.

டீசலை வடித்துவிட்டு மிதவை பொருத்தியிருக்கிற வாய் வழியாக உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தோம். அடியில் சேறு மாதிரி கறுப்பாக ஒரு படிவு இருந்தது, வேறு எதுவும் கண்ணில் படவில்லை. பெரியவர் உறிஞ்சு குழாயைக் கழற்றி மெதுவாக வெளியே எடுத்தார். சல்லடையில் வெற்றிலை அகலத்துக்கு ஒரு பாலித்தீன் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. நிறமே இல்லை, டீசலில் ஊறி வழவழவென்று இருந்தது. விரலால் உரித்து எடுத்தபோது சல்லடையின் கட்டம் கட்டமான தடம் அப்படியே அதில் பதிந்திருந்தது. எங்கேயிருந்து வந்தது என்று யோசித்தபோதுதான் ஞாபகம் வந்தது. சில மாதம் முன்னால் டேங்க் மூடி தொலைந்துபோய், பழைய டிரைவர் ஒரு கேரி பேக்கை மடித்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தான். வெயிலில் அது நொறுங்கி ஒரு துண்டு உள்ளே விழுந்திருக்கிறது.

அது வேலை செய்த விதத்தைப் பாருங்கள். வெறும் வண்டியில் உறிஞ்சுகிற வேகம் குறைவு, துண்டு அடியில் சும்மா கிடக்கும். லோடு ஏற்றி முழுசாக மிதிக்கும்போது வேகம் கூடி அது இழுபட்டு வந்து சல்லடையில் ஒட்டிக்கொள்ளும். என்ஜின் நின்றதும் இழுப்பு விட்டுப்போய், கொஞ்ச நேரத்தில் தானாகப் பிரிந்து விழுந்துவிடும். கால் மணி நேரம் கழித்து எல்லாம் சரியாக இருக்கும். 'நிறுத்திவைத்தால் ஓடுகிறது' என்பதால் பம்ப் சூடாகி நிற்கிறது என்று எல்லோரும் நினைத்தோம். பம்ப் வேலை முடிந்து இரண்டு நாள் ஓடினதும் பம்பைச் சரிசெய்ததால் அல்ல, லோடு குறைவாக இருந்ததால்தான். நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் அந்தத் துண்டுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. உங்கள் வண்டியிலும் அதேதான் என்று சொல்லவில்லை. துணித்திரி, இலை, துருச்செதில், கேன் மூடியின் அலுமினியத் தாள் என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம்.

டேங்க்கை இறக்குகிற வேலைக்கு முன்னால் அது தேவைதானா என்று உறுதி செய்ய ஒரு நல்ல வழி இருக்கிறது. கொத்தனார் தண்ணீர் மட்டம் பார்க்கிற கண்ணாடி மாதிரியான டியூப் கடையில் கிடைக்கும், உங்கள் டீசல் லைன் அளவுக்கு ஒரு துண்டு வாங்குங்கள். டேங்க்கிலிருந்து வருகிற லைன் ஃபில்டருக்குள் நுழைகிற இடத்தில் ரப்பர் ஹோஸைக் கழற்றி, நடுவில் இந்த டியூப்பை ஒரு சாண் நீளத்துக்கு வைத்துக் கிளிப் போட்டு இறுக்குங்கள். ஏர் எடுத்துவிட்டு, அதாவது லைனில் புகுந்த காற்றைக் கைப்பம்பால் வெளியேற்றிவிட்டு, என்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு குமிழி வந்து நின்றுவிட்டால் பரவாயில்லை. ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்கச் சோடா மாதிரிக் குமிழி வந்துகொண்டே இருந்தால் டேங்க்குக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் எங்கேயோ காற்று நுழைகிறது. குமிழியே இல்லாமல் டியூப் உள்வாங்கி ஒட்டிக்கொள்கிற மாதிரி ஒடுங்கினால் பின்னால் அடைப்பு.

காற்று நுழைகிற விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. 'எங்கேயும் ஒரு சொட்டு டீசல்கூட ஒழுகவில்லையே' என்பார்கள். ரோட்டரி பம்ப் வைத்த வண்டியில் டேங்க்கிலிருந்து பம்ப் வாய்வரை முழுக்க இழுக்கிற பக்கம்தான். அந்தப் பக்கத்தில் விரிசல் இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். வெளியே காய்ந்து சுத்தமாகவே இருக்கும். டேங்க்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கத் தனி ஃபீட் பம்ப் வைத்த என்ஜினாக இருந்தால் ஃபீட் பம்புக்கு அப்புறம் தள்ளுகிற பக்கம், அங்கே கோளாறு இருந்தால் ஒழுகிக் காட்டிக்கொடுக்கும். உங்கள் வண்டியில் கைப்பம்ப் ஃபில்டர் தலையிலேயே இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தக் கைப்பம்பின் ரப்பர் டயாஃபிரம்கூட வெடித்து ஏர் இழுக்கும், அதையும் பார்க்க வேண்டும்.

ரப்பர் ஹோஸை விரலால் மடக்கிப் பாருங்கள். 2006-ல் போட்ட ஹோஸாக இருந்தால் மேலே பாளம் பாளமாக வெடிப்பு தெரியும். தெரியாவிட்டாலும் நம்ப முடியாது. சிலதில் உள் அடுக்கு மட்டும் உரிந்து, டீசல் வேகமாக வரும்போது கதவு மாதிரி மூடிக்கொள்ளும். எலி கடித்த இடத்தையும் பாருங்கள், வாழைத்தார் ஏற்றுகிற வண்டிக்கு எலி வராமல் இருக்காது. கட்டுக்கம்பி சுற்றின இடம் இருந்தால் எடுத்துவிட்டுத் திருகுக் கிளிப் போடுங்கள். கம்பி ஒரு பக்கம் அழுத்தும், மறுபக்கம் இடைவெளி விடும். ஹோஸ், கிளிப், செம்பு வாஷர் எல்லாம் சேர்ந்தாலும் பம்ப் வேலைச் செலவில் ஒரு சிறு பங்கு ஆகாது. பழைய வண்டிக்கு இதையெல்லாம் ஒருமுறை புதிதாகப் போட்டுவிடுவது எப்படியும் நல்லது. செம்பு வாஷரைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள், ஒருதடவை அமுங்கினது மறுபடி சரியாக அடைக்காது.

அடுத்தது கேன் சோதனை. எனக்கு மிகவும் நம்பிக்கையான சோதனை இதுதான். சுத்தமான 10 லிட்டர் கேனில் பங்க்கிலிருந்து நேராக வாங்கின டீசலை ஊற்றி, லோடு ஏற்றுகிற பெட்டியின் முன்மூலையில் கயிறு போட்டு அசையாமல் கட்டுங்கள். கேபினுக்குள் வைக்கக் கூடாது, சைலன்சர் பக்கமும் கூடாது. கேனிலிருந்து ஒரு டியூப்பை நேராக ஃபில்டர் வாய்க்குக் கொண்டுவாருங்கள். டேங்க், உறிஞ்சு குழாய், நீளமான லைன் எல்லாம் இப்போது கணக்கிலேயே இல்லை. மிஞ்சின டீசல் திரும்பிப் போகிற ரிட்டர்ன் லைன் பழையபடி டேங்க்குக்கே போகட்டும். அதனால் கேன் நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம் காலியாகும், கவனம். கேன் மூடியிலும் காற்று போக ஓட்டை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சோதனையே பொய் சொல்லும்.

இந்த ஏற்பாட்டோடு லோடு ஏற்றி ஓட்டிப் பாருங்கள். புளியரைவரை போக வேண்டியதில்லை. நாங்குநேரியில் நான்குவழிச் சாலை ஏறி வள்ளியூர் தாண்டிப் பணகுடிப் பக்கம் போனாலே போதும். ஆனி ஆடியில் அந்தப் பக்கம் அடிக்கிற எதிர்காற்றில் முழுசாக மிதித்து ஓட்டுவது மேடு ஏறுவதற்குச் சமம். கேனில் நன்றாக இழுத்து, டேங்க்குக்கு மாற்றினதும் அடங்கினால் உங்கள் பம்ப் நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறு பின்னால். கேனிலும் அதே மாதிரி அடங்கினால் டேங்க்கை விட்டுவிட்டு ஃபில்டரிலிருந்து முன்னால் வர வேண்டும்.

அப்படி முன்னால் வரும்போது ஒன்றைக் கண்டிப்பாகப் பாருங்கள், ஏனென்றால் உங்கள் வண்டியில் ஃபில்டர் இரண்டு தடவை மாற்றும்போது லைனையும் கழற்றியிருப்பார்கள். ரோட்டரி பம்பில் டீசல் உள்ளே போகிற இடத்திலும் திரும்பி வெளியே வருகிற இடத்திலும் நடுவில் ஓட்டை உள்ள இரண்டு போல்ட் இருக்கும். பட்டறையில் பேஞ்சோ போல்ட் என்பார்கள். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் திரும்பி வருகிற போல்ட்டில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு சின்ன ஓட்டைதான் இருக்கும், பம்புக்குள் அழுத்தம் நிற்பதற்காக அப்படி. தலையில் ஆங்கிலத்தில் 'அவுட்' என்று எழுத்து வெட்டியிருக்கும். இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டால் சின்ன ஓட்டை வழியாக உள்ளே போகிற டீசல் சும்மா நிற்கும்போது போதும், லோடில் போதாது. உள் அழுத்தமும் நிற்காது. இழுவையே இல்லாமல் திணறும். தெரியாமல் நடக்கிற தப்பு. சரியாக மாற்றிப் போட அஞ்சு நிமிஷம்.

டீசலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபில்டருக்கு அடியில் இருக்கிற வடிகால் திருகைத் தளர்த்தி ஒரு டம்ளர் அளவு கண்ணாடி பாட்டிலில் பிடித்து, அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். டீசல் தண்ணீரைவிட லேசானது, அதனால் தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். நடுவில் கறுப்பாகச் சளி மாதிரி ஒரு படலம் தெரிந்தால் தண்ணீரும் டீசலும் சந்திக்கிற இடத்தில் கிருமி வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அது எத்தனை புது ஃபில்டர் போட்டாலும் அடைத்துக்கொண்டே இருக்கும், டேங்க்கைக் கழுவினால்தான் போகும். குற்றாலத்தில் சாரல் அடிக்கிற மாதங்களில் செங்கோட்டைப் பக்கம் இரவெல்லாம் நிற்கிற வண்டிகளில் மூடி ரப்பர் போயிருந்தால் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். தோட்டத்து மோட்டாருக்காக டிரம்மில் பிடித்து வைத்த பழைய டீசலை ஊற்றுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். மண்ணெண்ணெய் கலக்கவே கூடாது. ரோட்டரி பம்புக்கு உள்ளே எண்ணெய்ப் பசை கொடுப்பதே டீசல்தான். தண்ணீரும் மண்ணெண்ணெயும் போனால் நல்ல பம்பும் உரசிக் கெட்டுப்போகும். ஏர் இழுத்துக்கொண்டே மாதக்கணக்கில் ஓட்டினாலும் இதே கதிதான், அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒருவேளை புகை கறுப்பு என்றால் மேலே சொன்னதையெல்லாம் விட்டுவிட்டு ஏர் கிளீனரைத் திறங்கள். திசையன்விளைப் பக்கம் தேரி மண்ணில் ஓடுகிற வண்டிக்கும் குவாரி ரோட்டில் ஓடுகிற வண்டிக்கும் கம்பெனி சொல்கிற கிலோமீட்டர் கணக்கு ஒத்துவராது. அந்தச் சிவப்பு மண் பவுடர் மாதிரி. அடைத்த ஃபில்டரைக் கழற்றிவிட்டு வெறுமனே ஓட்டிப் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், டர்போ இறக்கையும் பிஸ்டன் ரிங்கும் தேய்ந்துவிடும். ஃபில்டர் சரியாக இருந்தால் டர்போவிலிருந்து என்ஜினுக்கு வருகிற ரப்பர் ஹோஸைப் பாருங்கள். அடிப்பக்கம் வெடித்திருந்தால் சும்மா நிற்கும்போது தெரியாது, லோடில் அழுத்தம் ஏறும்போது வாய் பிளந்து 'ஸ்ஸ்' என்று சத்தம் வரும். அந்த இடத்தைச் சுற்றி எண்ணெய் கலந்த புழுதி ஒட்டியிருக்கும், அதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

ஆக்சிலரேட்டர் கேபிளையும் சும்மா ஒருமுறை பாருங்கள். ஒரு ஆள் பெடலை அடிவரை மிதிக்கட்டும், நீங்கள் பம்பில் இருக்கிற லீவர் முழுசாகப் போய் முட்டுகிறதா என்று பாருங்கள். கேபிள் நீண்டுபோய், முக்கால்வாசிதான் திறக்கிற வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். என்ஜின் சத்தம் ஏறி வண்டி ஏறாமல் இருந்தால் கிளட்ச். ஓட்டி முடித்ததும் ஒரு சக்கரத்தின் நடு மட்டும் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது.

வேலை பார்க்கும்போது சில விஷயங்களில் விளையாடக் கூடாது. வாயால் டீசலை உறிஞ்சாதீர்கள், நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரி கேஸ். என்ஜின் ஓடும்போது நாசில் பைப் பக்கம் வெறும் கையை வைத்து ஒழுகலைத் தேடாதீர்கள். நூற்றுக்கணக்கான பார் அழுத்தத்தில் வருகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், விரலையே எடுக்க வேண்டி வரும். அட்டையை நீட்டிப் பார்ப்பதுதான் சரியான வழி. டேங்க்கில் ஓட்டை இருந்தால் டீசலை வடித்துவிட்டோம் என்று நேராக வெல்டிங் வைக்கக் கூடாது. உள்ளே நிற்கிற ஆவிதான் வெடிக்கும். பழக்கமான ரேடியேட்டர் கடையில் கொடுங்கள், கழுவித் தண்ணீர் நிரப்பி வேலை பார்ப்பார்கள்.

சரிசெய்து முடிக்கிறவரை புளியரைக்கு லோடோடு போகாதீர்கள் என்பதை அண்ணன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். என்ஜின் நின்றால் பிரேக்குக்கு உதவி செய்கிற வேக்குவம் பம்பும் நின்றுவிடும். இரண்டு மூன்று மிதிக்குத்தான் மிச்சம் இருக்கும், அதற்கப்புறம் பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டீயரிங் இருந்தால் அதுவும் கனத்துவிடும். அந்த எஸ் வளைவில், பின்னால் லாரி வரிசை நிற்கும்போது, பின்னோக்கி நழுவுகிற வண்டியைப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அங்கே ஓட்டுகிற உங்களுக்கே தெரியும். சமவெளியில் ஓடினாலும் சக்கரத்துக்குப் போட நல்ல கட்டை இரண்டு எப்போதும் வண்டியில் இருக்கட்டும். நிற்கப்போகிறது என்று தெரிந்ததுமே, வேகம் மிச்சம் இருக்கும்போதே ஓரம் கட்டுங்கள்.

இத்தனையும் பார்த்து, கேனிலும் அடங்குகிறது, போல்ட் சரியாக இருக்கிறது, புகையும் இல்லை என்றால் அப்போது பம்பைச் சந்தேகப்படலாம். தேய்ந்த ரோட்டரி பம்புக்கு ஒரு அடையாளம் உண்டு. காலையில் குளிர்ந்திருக்கும்போது ஒரு அடியில் ஸ்டார்ட் ஆகும். நன்றாக ஓடிச் சூடான பிறகு நிறுத்தினால் உடனே ஸ்டார்ட் ஆகாது, சூட்டில் டீசல் நீர்த்துப்போய்த் தேய்ந்த இடைவெளி வழியாக உள்ளுக்குள்ளேயே கசிந்துவிடும். அந்த நேரத்தில் ஈரச்சாக்கைப் பம்பின் மேல் அஞ்சு பத்து நிமிஷம் போட்டுவைத்து அடித்துப் பாருங்கள். கைப்பம்பைத் தொடாமலேயே ஸ்டார்ட் ஆகிவிட்டால் தேய்மானம் என்று எடுத்துக்கொள்ளலாம். பச்சைத்தண்ணீரை நேராக ஊற்றாதீர்கள், கொதிக்கிற பம்ப் திடீரென்று சுருங்கினால் உள்ளே இறுகிவிடும்.

பம்பைக் கொடுக்கிற நிலை வந்தால் டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கிற கடையாகப் பார்த்துக் கொடுங்கள். பிரிப்பதற்கு முன்னாலேயே பெஞ்சில் ஏற்றி எவ்வளவு டீசல் தள்ளுகிறது என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். மாற்றுகிற பழைய சாமானையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அளவு சரியாக வந்தால் பிரிக்கவே வேண்டாம், அப்படியே எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

முதலில் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, டியூப் வைத்து, கேன் சோதனையும் செய்துவிட்டு எழுதுங்கள். புகை என்ன நிறத்தில் இருந்தது, நிற்கும்போது டேங்க்கில் எவ்வளவு டீசல் இருந்தது, இந்த இரண்டையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள் தம்பி.